இனார்கானிக் மனப்பாடப் பாடமா? புத்தகத்தை மாற்றிப் பாருங்கள்

ஜூன் மாதம் பிறந்துவிட்டால் நேரு வீதியிலும் மிஷன் வீதியிலும் உள்ள புத்தகக்கடைகளில் ஒரே கேள்விதான் காதில் விழுகிறது. "சார், இனார்கானிக்குக்கு எந்த புக் நல்லா இருக்கும்?" கேட்பது பெரும்பாலும் பிள்ளை இல்லை, கூட வந்த அப்பா அல்லது தாத்தா. கடைக்காரர் இரண்டு புத்தகங்களை எடுத்து மேசைமேல் வைப்பார். ஒன்று ஒல்லியான கைடு, கேள்வியும் விடையும் அடுத்தடுத்து அச்சிட்டது. இன்னொன்று தலையணை அளவுக்கு ஆங்கிலப் புத்தகம். வசதி குறைந்தவர் கைடை வாங்குவார். வசதி உள்ளவர் தலையணையை வாங்குவார். கவலை அதிகம் உள்ளவர் இரண்டையும் வாங்குவார்.

முதல் புத்தகமாக இரண்டுமே ஆகாது என்பது என் கட்சி. இதைச் சொல்ல நீ யார் என்று கேட்கலாம். நான் பேராசிரியன் அல்லன். அரசு அலுவலகத்தில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றவன். ஆனால் பள்ளியில் பிரெஞ்சு வழியில் வேதியியல் படித்தேன். ஓய்வுக்குப் பிறகு தெருவில் உள்ள பிள்ளைகள் சிலர் மாலையில் வந்து உட்காருவதால் அவர்கள் கொண்டுவரும் புத்தகங்களையெல்லாம் புரட்டிப் பார்க்கிறேன். பார்த்ததைச் சொல்கிறேன், தவறென்றால் தெரிந்தவர்கள் மறுக்கட்டும்.

முதலில் ஒரு பொய்யை ஒழிக்க வேண்டும். "பிசிகல் கெமிஸ்ட்ரி கணக்கு, ஆர்கானிக் புரிதல், இனார்கானிக் மனப்பாடம்" என்று ஒரு சூத்திரம் ஊரெல்லாம் ஓடுகிறது. கோச்சிங் சென்டர்காரர்கள் முதல் வகுப்பிலேயே இதைச் சொல்லிவிடுகிறார்கள். அதனால் பிள்ளை 'ஏன்' என்று கேட்பதை அன்றைக்கே நிறுத்திவிடுகிறது. எங்கள் தெருவில் ஒரு பெண், பன்னிரண்டாம் வகுப்பு. லித்தியம், சோடியம், பொட்டாசியம் என்று வரிசை ஒப்பிக்க அவளுக்கு ஒரு வாக்கியம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அது இந்தி வாக்கியம்! இந்தி எழுத்துகூடத் தெரியாத பிள்ளை, பொருள் தெரியாத ஒரு வாக்கியத்தை உருப்போட்டு, அதைக்கொண்டு பொருள் தெரியாத ஒரு வரிசையை நினைவில் வைக்கிறாள்.

"ஏம்மா, சோடியத்தை ஏன் மண்ணெண்ணெயில் போட்டு வைக்கிறாங்க?" என்று கேட்டேன்.

"அது ஒன் மார்க் கொஸ்டின் தாத்தா. காற்றோடும் நீரோடும் வினைபுரியும்."

"சரி. பொட்டாசியம் அதைவிட வேகமா வினைபுரியுமா, மெதுவாவா?"

"அது எங்க மாட்யூல்ல இல்ல தாத்தா."

அந்தப் பிள்ளை மேல் எனக்குக் கோபம் இல்லை. அவள் கெட்டிக்காரி. வரிசையில் கீழே போகப் போக அணு பெரிதாகிறது, வெளிச்சுற்றில் உள்ள ஒற்றை எலக்ட்ரான் அணுக்கருவுக்குத் தூரமாகிறது, ஆகவே அதை இழப்பது எளிதாகிறது என்று இரண்டு வரி சொன்னதும், பொட்டாசியத்தைத் தாண்டி ருபீடியம், சீசியம் வரை அவளே சொல்லிவிட்டாள். ஐந்து விடைகளை உருப்போடுவதற்குப் பதில் ஒரு காரணம் போதுமாக இருந்தது. அந்தக் காரணத்தைச் சொல்லாத புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி அவள் கையில் கொடுத்தது யார்? நாம்தான், பெரியவர்கள்.

இனார்கானிக் என்பது வெறும் தகவல் குவியல் என்றால், அது 1869-க்கு முந்திய நிலை. அந்த ஆண்டில் என்ன நடந்தது என்பதை ஒவ்வொரு தாத்தாவும் தெரிந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் அது ஒரு பாடப்புத்தகத்தின் கதை. ரஷ்யாவில் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மெண்டலீவ் பொது வேதியியல் கற்பிக்க வந்தார். மாணவர்களுக்குக் கொடுக்க ரஷ்ய மொழியில் தகுந்த புத்தகம் இல்லை என்று 1868-இல் தாமே எழுத உட்கார்ந்தார். முதல் பாகம் முடிந்தபோது கொஞ்சம் தனிமங்களைப் பற்றித்தான் எழுதியிருந்தார். அன்றைக்குத் தெரிந்தவை 63. மீதி ஐம்பதுக்கு மேற்பட்டவற்றை இரண்டாம் பாகத்துக்குள் எப்படி அடக்குவது, எதற்குப் பின் எதை வைப்பது? அந்தச் சங்கடத்தைத் தீர்க்கும் முயற்சியில் பிறந்ததுதான் தனிம வரிசை அட்டவணை. அத்தியாயங்களை எந்த வரிசையில் வைப்பது என்ற கேள்விதான் இந்த அறிவியலுக்கே அடிப்படையைக் கொடுத்தது.

அந்த வரிசையின் பலம் எவ்வளவு என்பதற்கு ஒரு சான்று. அட்டவணையில் அலுமினியத்துக்குக் கீழே ஒரு காலி இடம் விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் குணங்களை மெண்டலீவ் முன்கூட்டியே எழுதிவைத்தார். 1875-இல் பிரான்சு நாட்டின் லெகோக் டி புவாபோத்ரான் அதைக் கண்டுபிடித்தார். அதுதான் காலியம். அதன் அடர்த்தி 4.7 என்று அவர் அளந்தார். பீட்டர்ஸ்பர்க்கில் இருந்துகொண்டு, அந்த உலோகத்தைக் கண்ணாலும் காணாத மெண்டலீவ், அது 5.9 அளவில் இருக்க வேண்டும், மாதிரியைச் சுத்தம் செய்து திரும்ப அளந்து பாருங்கள் என்றார். திரும்ப அளந்தபோது 5.9 வந்தது. மனப்பாடம் செய்தவனால் இதைச் சொல்லியிருக்க முடியுமா? இந்தக் கதை இல்லாத, அல்லது இந்தக் கதையின் சாரம் ஒவ்வொரு அத்தியாயத்திலும் ஓடாத புத்தகத்துக்கு நான் காசு கொடுக்க மாட்டேன்.

இனி தலையணைப் புத்தகங்களுக்கு வருகிறேன். ஜே. டி. லீ எழுதியது நம் நாட்டில் மிகப் பிரபலம். 1964-இல் முதல் பதிப்பு வந்தது. பெயரில் 'சுருக்கமான' என்ற சொல் இருக்கிறது. 1996-இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆயிரம் பக்கத்தைத் தாண்டிவிட்டது! காட்டனும் வில்கின்சனும் சேர்ந்து 1962-இல் வெளியிட்டது இன்னொன்று. வில்கின்சன் பிறகு 1973-இல் நோபல் பரிசு பெற்றவர். இவை நல்ல புத்தகங்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இரண்டாவதன் பெயரிலேயே 'உயர்நிலை' என்று எழுதியிருக்கிறதே, அதைப் படித்துப் பார்த்தாவது முதலாண்டுப் பிள்ளைக்கு வாங்காமல் இருக்கலாம் அல்லவா? நான் பார்த்தவரை, இந்தத் தலையணைகளில் முதல் நாற்பது பக்கம் அழுக்காகவும் மீதி புத்தம் புதிதாகவும் இருக்கும். அணு அமைப்பு அத்தியாயத்தில் சமன்பாடுகள் தொடங்கும் இடத்தில் பிள்ளை நின்றுவிடும். பிறகு கைடுக்குத் திரும்பிவிடும். "பெரிய புத்தகம் எனக்குப் புரியாது" என்ற தாழ்வு மனப்பான்மை மட்டும் மிச்சம். எட்டாவது படியில் ஏறச் சொல்லிவிட்டு, கால் எட்டவில்லை என்று பிள்ளையைக் குறை சொல்வது நியாயமா?

முதல் புத்தகத்தின் பெருமை அதில் என்னென்ன இருக்கிறது என்பதில் மட்டும் இல்லை, எதை விட்டார்கள் என்பதிலும் இருக்கிறது. பிரெஞ்சுக்காரர் லவுவாசியே 1789-இல் தொடக்க மாணவர்களுக்காக வேதியியல் நூல் எழுதினார். நவீன வேதியியலின் முதல் பாடப்புத்தகம் என்று அதைச் சொல்லலாம். தெரிந்ததிலிருந்து தெரியாததற்குப் போகவேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. அந்தக் காலத்தில் வேதியியல் நூல் என்றால் எந்தப் பொருளுக்கு எதனோடு நாட்டம் என்று ஒரு அத்தியாயம் கட்டாயம் இருக்கும். அவர் அதைச் சேர்க்கவில்லை. தொடக்க நிலை மாணவனுக்கு அது பொருந்தாது என்று முன்னுரையிலேயே காரணம் சொல்லிவிட்டார். அவர் கொடுத்த 33 தனிமங்களின் பட்டியலில் ஒளியும் வெப்பமும்கூட இருந்தன. அவை தவறு என்று பின்னால் வந்தவர்கள் நீக்கிவிட்டார்கள். பட்டியல் மாறியது, சொல்லிக்கொடுக்கும் முறை இன்றும் சரியாகவே இருக்கிறது. விட வேண்டியதை விடுகிற துணிவு தலையணைக்கும் இல்லை, கைடுக்கும் இல்லை. தலையணை எதையும் விடாது. கைடு காரணத்தை மட்டும் விட்டுவிடும்.

இப்போது நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல். புதுச்சேரி அரசுப் பள்ளிகள் சி.பி.எஸ்.இ. பாடத்திட்டத்துக்கு மாறிவிட்டன. அது நல்லதா கெட்டதா என்ற சண்டைக்கு நான் இப்போது வரவில்லை. ஆனால் என்.சி.இ.ஆர்.டி. பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு வேதியியல் புத்தகங்களைச் சுமை குறைப்பு என்று சொல்லி வெட்டியிருக்கிறார்களே, அதைப் பெற்றோர் யாராவது பிரித்துப் பார்த்தீர்களா? ஹைட்ரஜன் அத்தியாயம் போயிற்று. சோடியம், கால்சியம் உள்ள அத்தியாயம் போயிற்று. கார்பன், சிலிக்கான் போயின. நைட்ரஜன், பாஸ்பரஸ், ஆக்சிஜன், கந்தகம், குளோரின் எல்லாம் இருந்த பெரிய அத்தியாயம் போயிற்று. தாதுவிலிருந்து உலோகம் எடுக்கும் அத்தியாயமும் போயிற்று. தனிமங்களைப் பற்றி மிஞ்சியவை இடைநிலைத் தனிமங்களும் அணைவுச் சேர்மங்களும்தான். உப்பும் சுண்ணாம்பும் கந்தகமும் இல்லாத இனார்கானிக்! சாம்பார் இல்லாத இலையில் பாயசம் மட்டும் வைத்ததுபோல் இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், நீட் தேர்வின் பாடத்திட்டத்தில் இந்த நைட்ரஜன், கந்தகம், குளோரின் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. பள்ளிப் புத்தகத்தில் இல்லாததைத் தேர்வு கேட்கிறது. அந்த இடைவெளியில்தான் கோச்சிங் சென்டர்காரர்கள் கடை விரிக்கிறார்கள். பாடத்தைச் சுருக்கியதால் சுமை குறையவில்லை. பள்ளிப் புத்தகத்தில் இலவசமாகவோ சொற்ப விலைக்கோ கிடைத்த பக்கங்களை இன்று ஆயிரக்கணக்கில் பணம் கட்டி மாட்யூலாக வாங்குகிறோம், அதுவும் காரணங்களை உதிர்த்துவிட்டு.

இதற்கு மாற்று பக்கத்திலேயே இருக்கிறது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகத்தின் மேல்நிலை வேதியியல் புத்தகங்கள். பதினொன்றாம் வகுப்பில் ஹைட்ரஜனும் கார, காரமண் உலோகங்களும் உள்ளன. பன்னிரண்டாம் வகுப்பு முதல் தொகுதியில் உலோகவியல் இருக்கிறது. வெட்டுப்பட்ட அந்தக் குடும்பங்கள் இரண்டு அத்தியாயங்களாக இருக்கின்றன. இடைநிலைத் தனிமங்கள், அணைவு வேதியியல் ஆகியவையும் உள்ளன. தமிழிலும் ஆங்கிலத்திலும் தனித்தனியாகக் கிடைக்கிறது. காசு கொடுக்காமல் இணையத்தில் இறக்கிக்கொள்ளவும் முடியும். குறை இல்லாத புத்தகம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பி.எஸ்ஸி. முதலாண்டு சேரும் பிள்ளைக்கும் நீட் எழுதும் பிள்ளைக்கும் முதல் புத்தகம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன். "ஸ்கூல் புக்கையா திரும்பப் படிக்கிறது?" என்று முகம் சுளிப்பவர்கள் சுளிக்கட்டும். வீட்டு அஸ்திவாரத்தை யாரும் விருந்தாளிக்குக் காட்டுவதில்லை. அதற்காக அஸ்திவாரம் போடாமல் விடுகிறோமா?

தமிழில் வேதியியல் படித்தால் பிள்ளை கெட்டுப்போகும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு செய்தி. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழ்வழியில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஷ் கிறீன், 'கெமிஸ்தம்' என்ற தமிழ் வேதியியல் நூலை வெளியிட்டது 1875-இல். அதாவது காலியம் கண்டுபிடிக்கப்பட்ட அதே ஆண்டு. கலைச்சொல் பற்றியும் பயம் வேண்டாம். நான் பள்ளியில் நைட்ரஜனை 'அஸோத்' என்றுதான் படித்தேன். உயிர்வாழ உதவாதது என்ற பொருளில் 1787-இல் பிரெஞ்சுக்காரர்கள் வைத்த பெயர். பிற்பாடு நைட்ரஜன் என்று பழகிக்கொள்ள ஒரு வாரம் ஆகவில்லை. இனார்கானிக்கை அங்கே 'ஷிமி மினெரால்' என்பார்கள். நம் 'கனிம வேதியியல்' சொல்லுக்குச் சொல் அதுவேதான். இலங்கைத் தமிழர்கள் 'அசேதன இரசாயனம்' என்று எழுதுகிறார்கள். மூன்று பெயருக்கும் பொருள் ஒன்று. தமிழ்ப் புத்தகத்தையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால் இரண்டு மொழியிலும் சொல் தானாக வந்துவிடும். புரியாத மொழியில் புரியாத விஷயத்தை ஒரே நேரத்தில் திணிப்பதுதான் கொடுமை.

சரி, கடையில் நின்றுகொண்டு ஒரு புத்தகம் தேறுமா தேறாதா என்று எப்படிப் பார்ப்பது? வேதியியல் தெரியாத தாத்தாவும் செய்யக்கூடிய நான்கு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது, கடைசிப் பக்கங்களைத் திருப்புங்கள். அகரவரிசைச் சொல்லடைவு இருக்கிறதா? ரிக்கார்டு ரூமில் இன்டெக்ஸ் இல்லாத கட்டுகளோடு மல்லாடியவர்களுக்கு இதன் அருமை தெரியும். பிரெஞ்சுப் புத்தகங்களில் பொருளடக்கமே கடைசியில்தான் இருக்கும், அதனால் கை தானாகப் பின்பக்கம் போய்விடும். சொல்லடைவு இல்லாத புத்தகம், நீங்கள் திரும்ப வந்து தேடுவீர்கள் என்று எதிர்பார்க்காத புத்தகம். பள்ளிப் புத்தகத்துக்கு இதில் கொஞ்சம் சலுகை கொடுக்கலாம், மெல்லிய தொகுதி என்பதால். காசு கொடுத்து வாங்கும் கல்லூரிப் புத்தகத்துக்குக் கூடாது.

இரண்டாவது, தெரிந்த பொருளைத் தேடுங்கள். சமையல் உப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐப்பசி மழையில் கல்லுப்பு ஜாடியில் தண்ணீர் கோத்துக்கொள்வது நமக்கெல்லாம் தெரியும். சுத்தமான சோடியம் குளோரைடு அப்படி எளிதில் கசியாது. கூடவே ஒட்டிக்கொண்டிருக்கும் மெக்னீசியம் குளோரைடுதான் காற்றின் ஈரத்தை இழுக்கிறது. மரக்காணம் உப்பளத்தில் பாத்தி நீர் வற்றும்போது கால்சியம் சல்பேட் முன்னதாகப் படிகிறது, பிறகு உப்பு படிகிறது, மெக்னீசியம் உப்புகள் கடைசியில் மிஞ்சும் கசப்பு நீரில் தங்கிவிடுகின்றன. அந்த நீரைச் சரியாக வடிக்காவிட்டால் உப்பு கசியும். இவ்வளவையும் புத்தகம் எழுத வேண்டாம். கல்லுப்பில் என்ன கலப்பு இருக்கிறது, அதில் எது ஈரம் உறிஞ்சும் என்ற இரண்டு வரியாவது இருந்தால் அது பொருளைப் பற்றிப் பேசும் புத்தகம்.

மூன்றாவது, ஒரு 'ஏன்' தேடுங்கள். நைட்ரஜனும் பாஸ்பரஸும் ஒரே குடும்பம். ஒன்று நாம் சுவாசிக்கும் காற்றில் ஐந்தில் நான்கு பங்கு, சும்மா இருக்கும் வாயு. இன்னொன்று, வெள்ளைப் பாஸ்பரஸ், காற்றுப் பட்டால் தீப்பிடிக்கும் என்று தண்ணீருக்குள் வைக்கும் திடப்பொருள். அண்ணன் தம்பிக்குள் ஏன் இவ்வளவு வேறுபாடு? நைட்ரஜன் அணு சிறியது, இரண்டு அணுக்கள் நெருங்கி வந்து மூன்று பிணைப்புகளால் இறுகக் கட்டிக்கொள்கின்றன. பாஸ்பரஸ் அணு பெரியது, அவ்வளவு நெருங்க முடியாததால் நான்கு அணுக்கள் ஒற்றைப் பிணைப்புகளால் கைகோத்து நிற்கின்றன, அந்தக் கட்டு எளிதில் அவிழும். இந்தக் காரணம் புத்தகத்தில் இருக்கிறதா, அல்லது 'நைட்ரஜன் – வாயு, பாஸ்பரஸ் – திண்மம்' என்று அட்டவணை மட்டும் இருக்கிறதா? அட்டவணை மட்டும் என்றால் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நான்காவது, புத்தகத்தின் வயதைப் பாருங்கள். பழைய புத்தகக்கடையில் வாங்குவது தவறே இல்லை. ஆனால் செனான் என்ற வாயுவைப் பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். இந்தக் குடும்பம் எதனோடும் சேராது என்று 1962 வரை எழுதிவந்தார்கள். அந்த ஆண்டு கனடாவில் நீல் பார்ட்லெட் செனானைக் கொண்டு ஒரு சேர்மத்தைத் தயாரித்துக் காட்டினார். அதன் பிறகும் சேரவே சேராது என்று எழுதும் புத்தகம் தூங்குகிற புத்தகம். அட்டவணையின் குடும்பங்களுக்கு 1 முதல் 18 வரை எண் போட்டிருக்கிறதா, 118 தனிமங்களும் பெயரோடு இருக்கின்றனவா என்றும் பாருங்கள். கடைசி நான்குக்கு 2016-இல்தான் பெயர் வைத்தார்கள். பழைய ரோமன் எண் உள்ள புத்தகத்தையும் வகுப்பில் சொல்லும் புதிய எண்ணையும் கலந்து படித்தால் பிள்ளை வீணாகக் குழம்பும்.

"பரீட்சையில் மார்க் வேண்டுமே சார், கைடு இல்லாமல் முடியுமா?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நீட் தேர்வில் வேதியியலுக்கு மட்டும் 180 மதிப்பெண், அதை யாரும் அலட்சியம் செய்ய முடியாது. கைடைக் கொளுத்தச் சொல்லவில்லை. கடைசி மாதத்தில், புத்தகத்தைப் படித்து முடித்த பிறகு, பயிற்சிக்கு வைத்துக்கொள்ளட்டும். தெரிந்ததைச் சோதித்துப் பார்க்க அது உதவும். தெரியாததைக் கற்றுக்கொடுக்க அதற்கு வக்கில்லை. அம்மோனியா தயாரிப்புக்குக் கைடில் '450 டிகிரி, 200 வளிமண்டல அழுத்தம், இரும்பு வினையூக்கி' என்று இருக்கும். நல்ல புத்தகம், குளிர்ச்சியில் அம்மோனியா அதிகம் கிடைக்கும் ஆனால் வினை நத்தை வேகத்தில் நடக்கும், சூட்டில் வேகம் வரும் ஆனால் விளைச்சல் குறையும், ஆகவே இடைப்பட்ட சூடு என்று சொல்லும். கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டாலும் இரண்டாவது பிள்ளை விழிக்காது. மதிப்பெண் கணக்கிலேயே பார்த்தாலும் காரணம் தெரிந்தவன்தான் தேறுகிறான்.

மதிப்பெண்ணைத் தாண்டியும் ஒன்று இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் தயாரிப்பை அழகாக எழுதி முழு மார்க் வாங்கிய எத்தனை பேருக்கு, அதைக் கழிப்பறை ஆசிட்டோடு கலக்கக் கூடாது என்று தெரியும்? கலந்தால் குளோரின் கிளம்பும். கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்தை நாம் தினமும் நடைப்பயிற்சியில் கடந்து போகிறோம். அந்த முதல் உலகப் போரில், 1915 ஏப்ரலில், பெல்ஜியத்தின் ஈப்ர் நகருக்கு அருகே பிரெஞ்சுப் படைகளின்மேல் ஜெர்மானியர் திறந்துவிட்டது இந்தக் குளோரின்தான். காற்று நுழையாத குளியலறையில் அதை நம் வீட்டுப் பெண்களும் துப்புரவுப் பணியாளர்களும் சுவாசிக்கிறார்கள். கைடில் 'பயன்: கிருமிநாசினி' என்று ஒரு சொல்லோடு அந்தப் பொருள் முடிந்துவிடுகிறது.

கோப்பு எழுதியவன் என்ற முறையில் என்னை உறுத்துவது அம்மோனியம் நைட்ரேட். 2020 ஆகஸ்ட் 4 அன்று பெய்ரூட் துறைமுகத்தில் 2,750 டன் வெடித்து இருநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். ஆறேழு வருடங்களாகக் கிடங்கில் கிடந்த சரக்கு. இடையில் கடிதங்கள் எழுதப்பட்டன, கோப்புகள் நகர்ந்தன, சரக்கு நகரவில்லை. அப்போதுதான் சென்னைக்குப் பக்கத்தில் மணலியிலும் 2015 முதல் பல நூறு டன் கிடப்பது எல்லோர் கவனத்துக்கும் வந்து, அவசரமாக ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். கைடில் அதற்கு 'பயன்கள்: உரம், வெடிபொருள்' என்று ஒரு வரி. எரிய வைக்கும் பகுதியும் எரியும் பகுதியும் ஒரே சேர்மத்துக்குள் இருக்கின்றன, அடைத்து வைத்துக் கடுமையாகச் சூடேற்றினால் முழுவதும் ஒரே நொடியில் வாயுவாகிவிடும் என்று படித்த ஒருவர் அந்தக் கடிதங்களைக் கையில் வாங்கியிருந்தால், அந்தப் பெயரை வெறும் சரக்குப் பட்டியலின் ஒரு வரியாகப் பார்த்திருப்பாரா? இன்றைக்கு இந்தப் பாடத்தைப் படிக்கும் பிள்ளைகள் எல்லோரும் டாக்டராகப் போவதில்லை. பாதிப் பேர் என்னைப்போல் ஒரு மேசைக்கு முன்னால் உட்காரப் போகிறார்கள். அந்த மேசைக்கும் இந்த அறிவு வேண்டும்.

ஆகவே பேரப்பிள்ளைக்குப் புத்தகம் வாங்கித் தரப் போகிற பெரியவர்களே, விலையைப் பார்க்காதீர்கள், தடிமனைப் பார்க்காதீர்கள், 'நூறு சதவீத வெற்றி' என்ற அட்டையைப் பார்க்கவே பார்க்காதீர்கள். பள்ளிப் புத்தகத்தை முதலில் முடிக்கச் சொல்லுங்கள். முடித்த பிறகு கல்லூரிப் புத்தகம் ஒன்று, ஒன்றே ஒன்று, மேலே சொன்ன நான்கு சோதனையில் தேறியதை வாங்கிக் கொடுங்கள். லீயோ காட்டனோ நூலகத்தில் இருக்கட்டும், சந்தேகம் வரும்போது போய்ப் பார்க்கலாம். வாங்கிய புத்தகத்தில் வாரம் ஒரு தனிமத்தை உங்களுக்குச் சொல்லிக்கொடுக்கச் சொல்லுங்கள். மயில்துத்தத்தைச் சூடாக்கினால் ஏன் வெளுக்கிறது, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் ஏன் மறுபடி நீலமாகிறது என்று கேளுங்கள். தாமிரத்தோடு ஒட்டியிருந்த நீர் போனதால் நிறம் போயிற்று, நீர் வந்ததும் திரும்ப வந்தது என்று பிள்ளை விளக்கினால் நீங்கள் வாங்கிய புத்தகம் சரியானது. "அது சிலபஸ்ல இல்ல தாத்தா" என்று பதில் வந்தால், தாமதிக்காமல் புத்தகத்தை மாற்றுங்கள்.